மேக்பெத் நாடகத்தின் சாபம்: அந்தக் கதை எங்கிருந்து கிளம்பியது?

செங்கதிர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. நான் இங்கிலாந்தில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவுக்கு ஒளியமைப்பு செய்துவருகிறேன். அடுத்து ஷேக்ஸ்பியரின் மேக்பெத் போடுவதாக முடிவாகியிருக்கிறது. அன்றிலிருந்து அரங்கத்துக்குள் யாரும் அந்தப் பெயரை வாயால் சொல்வதில்லை. "ஸ்காட்டிஷ் நாடகம்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். தவறிச் சொல்லிவிட்டால் கட்டடத்தை விட்டு வெளியே போய், மூன்று சுற்று சுற்றி, துப்பி, ஒரு கெட்ட வார்த்தை சொல்லி, கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். ஹாம்லெட் தன் தந்தையின் ஆவியைக் கண்டதும் தேவதூதர்களைத் துணைக்கு அழைக்கும் வரியைச் சொன்னால் போதும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். வசனமாகப் பேசும்போது மட்டும் பெயரைச் சொல்லலாம்.

நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் நாடகத்தின் வரலாற்றை எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. தேடிப் பார்த்தால் எல்லா இடத்திலும் ஒரே கதைதான் இருக்கிறது. 1606 ஆகஸ்ட் 7, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை, முதல் ஆட்டம். லேடி மேக்பெத் வேடம் போட வேண்டிய ஹால் பெரிட்ஜ் என்ற சிறுவன் திடீரென்று நோயில் விழுந்து இறந்துபோக, ஷேக்ஸ்பியரே அந்த வேடத்தைக் கட்டினாராம். சூனியக்காரிகளின் உண்மையான மந்திரங்களை நாடகத்தில் வைத்ததால் அவர்கள் விட்ட சாபம் என்கிறார்கள். இதில் எது உண்மை? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி

செங்கதிர், குறிப்பேட்டில் அந்தச் சிறுவன் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். ஹால் பெரிட்ஜ் என்று ஒரு நடிகன் இருந்ததற்கு ஷேக்ஸ்பியர் காலத்து ஆவணம் எதிலும் சான்று கிடையாது. அவனை உருவாக்கியவர் மாக்ஸ் பீர்போம். 1898இல் பெர்னார்ட் ஷாவுக்கு அடுத்து 'சாட்டர்டே ரிவ்யூ' இதழின் நாடக விமர்சகராக வந்தவர். அந்த ஆண்டு லண்டன் லைசியம் அரங்கில் ஃபோர்ப்ஸ் ராபர்ட்சன் மேக்பெத்தாக நடித்தார். அதைப் பற்றி எழுதும்போது பீர்போம், பதினேழாம் நூற்றாண்டுக்காரரான ஜான் ஆப்ரியின் பழைய குறிப்பு என்று சொல்லி இந்தக் கதையைச் சேர்த்தார். ஆப்ரியின் எழுத்தில் அப்படி ஒரு குறிப்பே இல்லை. ஆப்ரி பிறந்ததே 1626இல். பீர்போம் பிறருடைய நடையை அப்படியே வாங்கி எழுதுவதில் பெயர் எடுத்தவர். பழைய ஆங்கில நடையில் அவர் எழுதிய ஒரு வரியைப் பின்னால் வந்தவர்கள் நிஜ ஆவணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அங்கிருந்து புத்தகத்துக்குப் புத்தகம் தாவி இன்று இணையம் முழுக்க நிற்கிறது.

தேதிக்கும் ஒரு விளக்கம் உண்டு. 1606 கோடையில் ஜேம்ஸ் அரசரின் மைத்துனர், டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன், இங்கிலாந்துக்கு வந்திருந்தார். ஷேக்ஸ்பியரின் குழு அவர்கள் முன்னால் நடித்ததற்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது. எந்த நாடகம் என்று அந்தக் கணக்கில் எழுதவில்லை. மேக்பெத்தாக இருக்கலாம் என்பது பிற்கால அறிஞர்களின் ஊகம். ஊகத்தில் கிடைத்த தேதியும் கற்பனையில் பிறந்த சிறுவனும் சேர்ந்துதான் இந்த "வரலாறு" ஆகியிருக்கிறது.

இந்த நாடகத்தை மேடையில் பார்த்ததாக நமக்குக் கிடைக்கும் முதல் சாட்சி சைமன் ஃபோர்மன். 1611 ஏப்ரல் 20 அன்று குளோப் அரங்கில் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதிவைத்தார். அவர் யார் என்பது முக்கியம். ஜோதிடர், வைத்தியர், ஆவிகளையும் மந்திரங்களையும் முழுதாக நம்பியவர். காட்டு வழியில் மேக்பெத்தும் அவன் தோழன் பாங்கோவும் குதிரையில் வருவது, மூன்று பெண்கள் எதிர்ப்படுவது, விருந்தில் பாங்கோவின் ஆவி வந்து உட்காருவது, அரசி தூக்கத்தில் நடப்பது எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். இந்த நாடகத்துக்குச் சாபம் என்று லண்டனில் ஒரு பேச்சு இருந்திருந்தால் அவர் காதுக்குத்தான் முதலில் போயிருக்கும். ஒரு வார்த்தை இல்லை.

மீனலோசனி

ஏட்டுச்சுவடி அண்ணா, ஃபோர்மனைப் பற்றி ஒன்று விட்டுவிட்டீர்கள். அவர் அதே ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார்!

நான் மேடையில் நடித்தவள். அரங்கத்துக்குள் இந்தப் பெயரைச் சொல்ல மாட்டேன், இனியும் சொல்லப்போவதில்லை. பெரிட்ஜ் கதை பொய்யாகவே இருக்கட்டும். அதற்குப் பிறகு நடந்தவை பொய்யில்லையே. 1849 மே 10, நியூயார்க், ஆஸ்டர் பிளேஸ் அரங்கம். மேக்பெத் நடந்துகொண்டிருக்கும்போது வெளியே கலவரம், படையினர் துப்பாக்கியால் சுட்டு இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 1937இல் லண்டன் ஓல்ட் விக் அரங்கில் லாரன்ஸ் ஒலிவியே நடித்த மேக்பெத். மேலேயிருந்து ஒரு பாரம் விழுந்து அவர் மயிரிழையில் தப்பினார், திறப்பு நாள் தள்ளிப்போனது, அந்த அரங்கத்தையே வளர்த்து ஆளாக்கிய லிலியன் பேலிஸ் அம்மையார் முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் இறந்தார். 1942இல் ஜான் கீல்குட் போட்டபோது கதையில் கொலையாகும் அரசன் டங்கனாக நடித்தவரும் சூனியக்காரிகளில் ஒருவராக நடித்தவரும் இறந்தார்கள். காட்சி வடிவமைத்தவர் தற்கொலை செய்துகொண்டார். 1936இல் நியூயார்க் ஹார்லெமில் ஆர்சன் வெல்ஸ் போட்ட மேக்பெத்தைத் திட்டி எழுதிய விமர்சகர் பெர்சி ஹாமண்ட் சில நாட்களிலேயே நிமோனியாவில் போய்விட்டார்.

ஒரே நாடகத்துக்கு இத்தனை நடந்தால் நடிப்பவர்கள் பயப்படுவது இயற்கை.

ஏட்டுச்சுவடி

ஃபோர்மனிலிருந்தே தொடங்குகிறேன் மீனலோசனி. அந்த வசந்த காலத்தில் அவர் இந்த ஒரு நாடகத்தை மட்டும் பார்க்கவில்லை. மே 15 அன்று 'வின்டர்ஸ் டேல்' பார்த்தார், 'சிம்பலின்' பார்த்தார், இரண்டாம் ரிச்சர்டு காலத்துக் கதை ஒன்றும் பார்த்தார். செப்டம்பர் மரணத்தை அவற்றில் எதன் மேலும் யாரும் ஏற்றுவதில்லை. சாபப் பட்டியல் முழுவதும் இப்படித்தான் வளர்ந்திருக்கிறது. மேக்பெத்துக்குப் பக்கத்தில் ஒரு சாவு நடந்தால் பட்டியலில் ஏறிவிடும். வேறு நாடகத்துக்குப் பக்கத்தில் நடந்தால் அது வெறும் சாவு.

1942 விவகாரத்தையே பாருங்கள். கீல்குட்டின் நாடகத்துக்குக் காட்சியும் உடையும் வடிவமைத்தவர்கள் இரண்டு பேர், மைக்கேல் அயர்டனும் ஜான் மின்டனும். மின்டன் தற்கொலை செய்துகொண்டது உண்மை. ஆனால் அது 1957இல், பதினைந்து வருஷம் கழித்து. பட்டியலில் அந்த ஆண்டைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். தன் துயரங்களோடு போராடி மறைந்த ஒரு நல்ல ஓவியரின் சாவை இளமையில் அவர் செய்த ஒரு வேலையின் சாபம் என்று எழுதுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆஸ்டர் பிளேஸ் கலவரம் இன்னும் பெரிய விஷயம். அதைச் சாபம் என்று சொன்னால் நடந்தது என்னவென்றே தெரியாமல் போய்விடும். வில்லியம் மெக்ரெடி ஆங்கிலேயர், எட்வின் ஃபாரஸ்ட் அமெரிக்கர். இருவருமே அந்தக் காலத்தின் பெரிய நடிகர்கள். பகை முற்றியிருந்தது. 1846இல் எடின்பரோவில் மெக்ரெடி ஹாம்லெட்டாக நடித்தபோது ஃபாரஸ்ட் பார்வையாளர் இடத்தில் இருந்து சீறல் ஒலி எழுப்பி அவமானப்படுத்தினார். 1849இல் மெக்ரெடி நியூயார்க் வந்தபோது அது நடிகர்களின் சண்டையாக மட்டும் இருக்கவில்லை. ஆஸ்டர் பிளேஸ் அரங்கம் பணக்காரர்களுக்கென்று கட்டியது, உள்ளே போக உடைக் கட்டுப்பாடு வேறு. ஃபாரஸ்ட் உழைக்கும் மக்களின் நடிகர். மே 7 அன்று ஒரே ஊரில் இருவரும் வேறு வேறு மேடைகளில் மேக்பெத் போட்டார்கள். மெக்ரெடி மேல் முட்டையும் உருளைக்கிழங்கும் பறந்தன. ஃபாரஸ்ட் மேடையில், இந்த ஆங்கிலேயர்களை விரட்ட எந்தப் பேதி மருந்து இருக்கிறது என்று மேக்பெத் கேட்கும் வரி வந்ததும் கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது.

மெக்ரெடி ஊரைவிட்டுக் கிளம்பத் தயாரானார். வாஷிங்டன் இர்விங், ஹெர்மன் மெல்வில் உட்பட நகரத்துப் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டு, போகாதீர்கள், மறுபடி நடியுங்கள் என்று கேட்டார்கள். நகரமெங்கும், இந்த ஊரை ஆள்வது அமெரிக்கர்களா ஆங்கிலேயர்களா என்று கேட்கும் சுவரொட்டிகள். மே 10 இரவு அரங்கத்துக்கு வெளியே ஆயிரக்கணக்கானோர் கூடிக் கல்லெறிந்தார்கள், படை சுட்டது. செத்தவர்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் உண்டு. வர்க்கக் கோபம், தேசக் கோபம், நிர்வாகம் எடுத்த முடிவுகள் எல்லாம் சேர்ந்து நடந்தது அது. அன்றைக்கு ஹாம்லெட் போட்டிருந்தாலும் அந்தக் கற்கள் பறந்திருக்கும்.

பரண்மேல்

நான் மேடைக்கு மேலே, கயிறும் பாரமும் உள்ள பரணில் வேலை செய்பவன். தொழில் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

இந்த நாடகத்தில் அடி படுவது எனக்கு ஆச்சரியமே இல்லை. பெரும்பாலான காட்சிகள் இரவில் நடக்கின்றன, அதனால் மேடையை இருட்டாக வைப்பார்கள். சூனியக்காரிகளுக்குப் புகை விடுவார்கள், புகை படிந்தால் தரை வழுக்கும். செட்டில் படிகள், மேடுகள். ஓடி வருவது, மறைவது, சட்டென்று வேடம் மாற்றுவது. கடைசியில் கனமான வாள்களோடு இரண்டு பேர் உயிரைக் கொடுத்துச் சண்டை போட வேண்டும், அதுவும் நாடகம் முழுவதும் பேசிக் களைத்த நடிகர். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களிலேயே குட்டையானது இது, ஹாம்லெட்டில் ஏறக்குறைய பாதிதான். மூச்சு விட இடைவெளி கிடையாது. இதோடு, எல்லா ஊரிலும் எல்லாக் குழுக்களும் திரும்பத் திரும்பப் போடும் நாடகம். அதிகம் ஆடினால் அதிகம் விழுவோம்.

உண்மையில் அரங்கத்தில் ஆட்களைக் கொன்றது எது தெரியுமா? தீ. 1903 டிசம்பர் 30, சிகாகோ இராக்வாய் அரங்கம். மதிய ஆட்டம், விடுமுறைக் காலம், கூட்டத்தில் பெரும்பகுதி பெண்களும் குழந்தைகளும். 602 பேர் இறந்தார்கள். தீப்பிடிக்கவே பிடிக்காது என்று விளம்பரம் செய்து திறந்து ஆறு வாரம்கூட ஆகாத கட்டடம். மேடைத் தீ பார்வையாளர் பக்கம் பரவாமல் தடுக்க இறக்கும் தீத்திரை பாதியில் சிக்கிக்கொண்டது, வெளியேறும் கதவுகள் பல பூட்டியிருந்தன. அன்றைக்கு நடந்த நாடகம் 'மிஸ்டர் புளூபியர்ட்' என்ற இசை நகைச்சுவை. 1887இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டரில் 186 பேர், 1876இல் புரூக்ளினில் 278 பேருக்குக் குறையாமல். அங்கேயும் நடந்தது வேறு நாடகங்கள்தான். ஷேக்ஸ்பியரின் சொந்த அரங்கமான குளோப் 1613 ஜூன் 29 அன்று எரிந்து விழுந்ததும் எட்டாம் ஹென்றி நாடகத்தின்போது. பீரங்கி வெடித்ததில் கூரை பற்றிக்கொண்டது. எட்டாம் ஹென்றி என்ற பெயரை எந்த அரங்கத்திலும் யாரும் தாராளமாகச் சொல்லலாம்.

அதற்காக எல்லா நம்பிக்கையையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. மேடையில் விசில் அடிக்கக் கூடாது என்பார்கள். பழைய காலத்தில் திரைகளை ஏற்றி இறக்கிய ஆட்கள் பலர் கப்பல் வேலை பார்த்தவர்கள், விசிலால்தான் ஒருவருக்கொருவர் சைகை கொடுத்தார்கள், இடம் தெரியாமல் விசிலடித்தால் தலைமேல் பாரம் இறங்கும் என்று எங்கள் தொழிலில் வாய்வழியாகச் சொல்லி வருகிறோம். இப்போது எல்லாம் ஹெட்செட்டில்தான் நடக்கிறது, இருந்தாலும் நான் விசிலடிக்க மாட்டேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் போனபின் மேடை நடுவே ஒரு விளக்கை எரியவிட்டுப் போவோம், ஆவி விளக்கு என்று பெயர். அரங்கத்து ஆவிகளுக்கு என்பார்கள். காலையில் முதலில் உள்ளே வருபவன் இருட்டில் இசைக்குழுப் பள்ளத்தில் விழாமல் இருப்பதும் அந்த விளக்கால்தான். 2020இல் கொரோனா வந்து அரங்கங்களை மூடியபோது பல ஊர்களில் அந்த ஒரு விளக்கை மட்டும் அணைக்காமல் வைத்திருந்தார்கள். எங்களுக்கு அது பெரிய ஆறுதல்.

செங்கதிர்

பரண்மேல் அண்ணே, மிக்க நன்றி. புகை படிந்த தரை விஷயத்தை இன்றே எங்கள் மேடை நிர்வாகியிடம் சொல்கிறேன்.

இன்னொரு கேள்வி. உண்மையான மந்திரங்களை ஷேக்ஸ்பியர் எடுத்துப் போட்டார் என்கிறார்களே, அதற்காவது ஏதாவது அடிப்படை உண்டா?

ஏட்டுச்சுவடி

மந்திரம் உண்மையானது என்பதற்குச் சான்று கிடையாது. பயம் உண்மையானது, அதற்கு நிறைய இருக்கிறது. என்னைக் கேட்டால் குறிப்பேட்டில் எழுத வேண்டியது இதுதான், பெரிட்ஜ் கதையைவிட நூறு மடங்கு சுவையானது.

ஆறாம் ஜேம்ஸ் ஸ்காட்லாந்து அரசராக இருந்தபோது டென்மார்க்கிலிருந்து மணமகளை அழைத்துவரும் வழியில் கடும் புயல்கள். அந்தப் புயலைக் கிளப்பியது சூனியக்காரிகள் என்று 1590இல் நார்த் பெரிக் வழக்குகள் தொடங்கின. சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். ஆக்னஸ் சாம்ப்சன் என்ற வயதான மருத்துவச்சியை அரசரே நேரில் உட்கார்ந்து விசாரித்தார், பிறகு கொன்றார்கள். சூனியத்தைப் பற்றி ஜேம்ஸ் எழுதிய 'டெமனாலஜி' 1597இல் அச்சானது. 1603இல் அவர் இங்கிலாந்துக்கும் அரசரானார். ஷேக்ஸ்பியரின் குழு அரசரின் குழு என்று பெயர் பெற்றது. மறு வருஷமே சூனியத்துக்கு எதிராக இன்னும் கடுமையான சட்டம். 1605 நவம்பரில் நாடாளுமன்றத்தோடு அரசரையும் வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி பிடிபட்டது. அரசனைக் கொல்லும் நாடகம், சூனியக்காரிகள் ஆசை காட்டும் நாடகம், அதற்கு அடுத்து எழுதப்பட்டது.

முதல் சூனியக்காரி சல்லடையில் ஏறிக் கடலில் போவேன் என்கிறாள் அல்லவா? நார்த் பெரிக் பெண்கள் சல்லடைகளில் கடல் கடந்தார்கள் என்று அந்த வழக்கைப் பற்றி 1591இல் அச்சான சிறு வெளியீட்டில் வருகிறது. ஆக, இரகசிய மந்திரம் எதுவும் திருட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் அச்சில் கிடைத்தது, ஊர் வாயில் இருந்தது. கதைக்கு ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூல் இருந்தது. சூனியக்காரிகளின் தலைவி ஹெக்கட்டி வரும் பகுதிகளும் அவற்றில் வரும் பாட்டுகளும் தாமஸ் மிடில்டனின் 'தி விட்ச்' நாடகத்தோடு தொடர்புடையவை, பின்னால் சேர்த்தவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. சூனியக்காரிகள் கோபித்துக்கொண்டார்கள் என்று சொல்வதானால் மிடில்டனுக்கும் பங்கு கொடுக்க வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. சூனியக்காரிகள் சாபம் விட்டார்கள் என்று இன்று நாம் சுவைக்காகச் சொல்கிறோம். அன்று அந்தப் பழி சுமந்து செத்தவர்கள் ஏழைப் பெண்கள். அவர்கள் யாரையும் சபிக்கவில்லை.

மீனலோசனி

கடைசிப் பத்தியை இரண்டு முறை படித்தேன் அண்ணா. ஆக்னஸ் சாம்ப்சன் பெயர் குறிப்பேட்டில் வர வேண்டும் என்று செங்கதிரிடம் நானும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆனாலும் என் பக்கத்தைச் சொல்கிறேன். இந்த நாடகத்தைப் படிக்கும்போதே ஒரு பயம் வருகிறது, அதை யாரும் கட்டிவிடத் தேவையில்லை. சாரா சிடன்ஸ் எழுதிவைத்திருக்கிறார். இருபது வயதில், எல்லோரும் தூங்கிய பிறகு இரவில் லேடி மேக்பெத் வேடத்தைப் பாடம் செய்யத் தொடங்கினாராம். கொலைக் காட்சி வந்ததும் மேலே படிக்க முடியவில்லை. மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினால் தன் பட்டுப்பாவாடை சரசரப்பதே யாரோ பின்னால் வருவது போல இருந்ததாம். பிற்காலத்தில் அந்த வேடத்தை அவரைப் போல யாருமே செய்ததில்லை என்று ஆங்கிலேயர்கள் கொண்டாடிய நடிகை அவர். அவருக்கே அப்படி.

ஏட்டுச்சுவடி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் மீனலோசனி. சிடன்ஸ் பயந்தது நாடகத்தின் எழுத்துக்கு. சாபம் என்ற பேச்சு அவர் குறிப்பில் இல்லை. 1785இல் டுரூரி லேன் அரங்கில் அந்த வேடத்தில் பெரும்புகழ் பெற்றார். 1812இல் விடைபெறும் இரவுக்கு அவர் தேர்ந்தெடுத்ததும் இதே நாடகம்தான். தூக்கத்தில் நடக்கும் காட்சி முடிந்ததும் பார்வையாளர்கள் நாடகத்தை மேலே தொடரவிடவில்லை, அதோடு போதும் என்று கைதட்டி நிறுத்தினார்கள்.

இன்னும் பாருங்கள். 1794இல் டுரூரி லேனைப் புதிதாகப் பெரியதாகக் கட்டி முடித்து நாடகங்களுக்குத் திறந்தபோது முதலில் போட்டது மேக்பெத். கெம்பிள் நாயகன், சிடன்ஸ் நாயகி, புது இரும்புத் திரையையும் மக்களுக்குக் காட்டினார்கள். பெயரைச் சொன்னாலே கேடு என்ற நம்பிக்கை இருந்தால், அவ்வளவு பணம் போட்டுக் கட்டிய அரங்கத்தை அதை வைத்தா திறப்பார்கள்? அதற்கும் முன்னால், 1660களில் நாடகாசிரியர் டேவனன்ட் பாட்டும் ஆட்டமும் சேர்த்து மாற்றி எழுதியதை சாமுவேல் பெப்பீஸ் மறுபடி மறுபடி போய்ப் பார்த்தார். எவ்வளவு வகை வகையான ஆட்டமும் இசையும் என்று தன் நாட்குறிப்பில் மகிழ்ந்து எழுதினார். அது அந்த நாளில் குடும்பத்தோடு போய்க் களிக்கும் நாடகம்.

இருநூறு வருஷத்துக்கும் மேல் இப்படி ஓடிய நாடகம், பீர்போமுக்குப் பிறகுதான் சாப நாடகம் ஆனது. 1849 கலவரத்தைப் போன்ற பழைய சம்பவங்கள் அப்போதுதான் பின்னோக்கித் தேடப்பட்டுப் பட்டியலில் சேர்ந்தன என்பது என் முடிவு.

நெய்தல்வாசன்

இசைநாடகப் பக்கத்திலிருந்து ஒரு சேதி. வெர்டி 1847இல் மேக்பெத்தை ஆபெராவாக்கினார். அதே சூனியக்காரிகள், அதே கொலை. ஆனால் ஆபெராக்காரர்கள் பயப்படுவது அதே வெர்டியின் வேறொரு படைப்புக்கு, 'லா ஃபோர்சா டெல் டெஸ்டினோ'. இத்தாலியில் பலர் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள். 1960 மார்ச் 4 அன்று நியூயார்க் மெட்ரபாலிடன் ஆபெரா அரங்கில் லெனார்ட் வாரன் அதில் பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் விழுந்து இறந்தார். அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே மேடையில் மேக்பெத்தாகப் பாடியிருந்தார், அப்போது ஒன்றும் ஆகவில்லை. சாபம் ஒரு நாடகத்துக்குள்ளேயே இருக்கும் என்றால் மொழி மாறினாலும் கூடவே போக வேண்டும்.

இத்தாலிய மேடைக்கு ஊதா நிறம் ஆகாது என்பார்கள். தவக்காலத்தில் தேவாலயத்தில் ஊதா அணிவார்கள், அந்தக் காலத்தில் அப்போது அரங்கங்களை மூடிவிடுவார்கள், நடிகர்களுக்குக் கூலி கிடையாது. பசியிலிருந்து வந்த பயம்.

தஞ்சைக் கரிகாலன்

தமிழில் இதை பம்மல் சம்பந்த முதலியார் 'மகபதி' என்று எழுதியிருக்கிறார், ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கியது போல. மகபதிக்கு நம் பக்கம் யாரும் சாபக்கதை சொல்லி நான் கேட்டதில்லை. நம்மிடம் பயம் வேடத்தின் மேல்தான். சங்கரதாஸ் சுவாமிகள் எமன், சனீஸ்வரன் வேடங்களில் வந்தால் பார்த்தவர்கள் நடுங்கினார்கள் என்றும், அதனால் ஏற்பட்ட கேடுகளைக் கண்டுதான் அவர் நடிப்பை விட்டு ஆசிரியரானார் என்றும் பழைய நாடகக்காரர்கள் சொல்வார்கள். நெய்தல்வாசன் சொல்வதோடு இது சேருகிறது. ஒவ்வோர் ஊரும் தன் பயத்தை வைக்கத் தனி இடம் தேடிக்கொள்கிறது.

மீனலோசனி

சரி, என் கடைசிக் கருத்து. பீர்போம் கட்டிய கதை என்பதை ஏட்டுச்சுவடி அண்ணா நன்றாகவே விளக்கிவிட்டார், அதில் எனக்கு வாதம் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் பொய்க் கதையில் தொடங்கியதாலேயே பயனற்றதாகிவிடாது. திறப்பு நாள் நெருங்கும்போது குழுவில் எல்லோருக்கும் நரம்பு புடைத்திருக்கும். யாராவது பெயரைச் சொல்லிவிட்டால் வெளியே அனுப்பி, சுற்றவைத்து, கதவைத் தட்டவைத்து, நாங்கள் எல்லோரும் சேர்ந்து உள்ளே விடுகிறோம். முதல் முறை மேடை ஏறும் பிள்ளைகூட அந்தக் கணத்தில் குழுவில் ஒருத்தியாகிவிடுகிறாள். அதைச் செய்யாதே என்று சொல்ல எனக்கு மனம் வராது. கீல்குட்டும் ஒலிவியேவும் இருந்த மரபுக்குள் நானும் நிற்கிறேன் என்ற நினைப்பு எனக்கு வேண்டும்.

ஏட்டுச்சுவடி

அதை நான் எதிர்க்கவே இல்லை. கதவைத் தட்டுங்கள், உள்ளே விடுங்கள். அச்சில் போடும்போது மட்டும் பீர்போமின் கற்பனையை ஆப்ரியின் வாயில் வைக்காதீர்கள்.

செங்கதிர்

குறிப்பேட்டின் முதல் வரைவை மாற்றி எழுதிவிட்டேன். பெரிட்ஜ் பத்தி போய்விட்டது. அந்த இடத்தில் நார்த் பெரிக், ஆக்னஸ் சாம்ப்சன், சல்லடை வரி. அடுத்து ஃபோர்மன் 1611இல் பார்த்தது. சாபக்கதை 1898இல் பிறந்தது என்று இரண்டு வரி. அரங்கத்துக்குள் பெயரைச் சொல்லக் கூடாது என்ற வழக்கம் எங்கள் குழுவில் அப்படியே இருக்கும், இயக்குநர் அதில் உறுதியாக இருக்கிறார்.

பரண்மேல் அண்ணே, ஒளியமைப்பில் எனக்கு ஒரு சிக்கல். கடைசிச் சண்டையை ஏறக்குறைய இருட்டில் வேண்டும் என்கிறார்கள். உங்கள் அனுபவத்தில் என்ன செய்வீர்கள்?

பரண்மேல்

இருட்டாகத் தெரிய வேண்டும், இருட்டாக இருக்கக் கூடாது. முன்னாலிருந்து வரும் ஒளியைக் குறைத்துவிட்டு, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக நீல ஒளி கொடுங்கள். நடிகர்களுக்குத் தரையும் வாள் முனையும் தெளிவாகத் தெரியும், பார்ப்பவர்களுக்கு இரவாகத் தோன்றும். படி விளிம்புகளிலும் மேடை ஓரத்திலும் இருட்டில் ஒளிரும் நாடா ஒட்டுங்கள். புகையைச் சண்டைக்குச் சற்று முன்பே நிறுத்திவிட்டுத் தரையை ஒருமுறை துடைக்க ஆள் வையுங்கள். வாள் பிடிக்கும் இருவரும் ஒவ்வொரு நாளும் ஆட்டத்துக்கு முன், அன்றைய உடையோடும் செருப்போடும், அதே ஒளியில், முதலில் பாதி வேகத்திலும் பிறகு முழு வேகத்திலும் அந்தச் சண்டையை ஒருமுறை ஆடிப் பார்க்க வேண்டும். நேரமில்லை என்று யார் சொன்னாலும், இயக்குநரே சொன்னாலும், அதை விடாதீர்கள்.